சிறு படகுகளுக்கான நங்கூரமும் சங்கிலியும்

நேயர்களுக்கு வணக்கம். இயந்திரம் நின்றுபோன படகைக் காற்று பாறைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும்போது, அதிலிருப்பவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு நங்கூரம்தான். அப்படியிருந்தும், சிறு படகு வாங்குகிறவர்களில் பலர் இயந்திரத்தைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். நங்கூரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. 5 மீட்டர் முதல் 12 மீட்டர் வரை நீளமுள்ள படகுகளை மனத்தில் கொண்டு, நங்கூரத்தையும் சங்கிலியையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கையாள்வது என்பதை இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 15 கிலோ இரும்பு தண்ணீருக்குள் சுமார் 13 கிலோதான் எடையிருக்கும். அந்த எடையை மட்டும் நம்பினால் சிறு அலைகூடப் படகை நகர்த்திவிடும். ஆனால், அதே 15 கிலோ நங்கூரத்தின் அலகு, அதாவது தரையில் குத்தி இறங்கும் பகுதி, மணலில் நன்றாகப் புதைந்துவிட்டால் அது பல நூறு கிலோ இழுவையைத் தாங்கும். இழுவை கடல்தரைக்கு ஏறத்தாழ இணையாக இருக்கும்வரை அலகு மேலும் மேலும் உள்ளே இறங்கும். இழுவை மேல்நோக்கிச் சாயச் சாய, நங்கூரத்தின் தண்டு நெம்புகோலாக மாறி அலகைப் பெயர்த்து எடுத்துவிடும். நங்கூரத்தை வெளியே எடுக்க நாம் படகை அதற்கு நேர் மேலே கொண்டுவருவதும் இதே காரணத்தால்தான். நான் இனிச் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவை: அலகு புதைய வேண்டும், இழுவை தாழ்வாக இருக்க வேண்டும்.

வகைகளுக்கு வருவோம். குறுக்குத் தடியும் இரு கரங்களும் கொண்ட பழைய நங்கூரத்தைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாறை இடுக்கிலும் அடர்ந்த கடற்பாசியிலும் அது இன்றும் நன்றாகவே பற்றும். மணலில் பிடிப்பு வேண்டுமானால் அது மிகக் கனமாக இருந்தாக வேண்டும். தவிர, அதன் ஒரு கரம் எப்போதும் மேலே துருத்திக்கொண்டிருப்பதால், படகு சுற்றும்போது சங்கிலி அதில் மாட்டிக்கொள்ளும். 1933-இல் ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் என்னும் ஆங்கிலேய இயற்பியலாளர் ஏர்க்கலப்பை வடிவில் ஒரு நங்கூரத்தை உருவாக்கினார். பாய்மரப் படகில் செல்வதில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், திரவங்களின் இயக்கத்தை ஆராய்ந்த கூர்மையையே நங்கூரத்தின் மீதும் செலுத்தினார். சி.க்யூ.ஆர். என்ற பெயரில் அது பல பத்தாண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது. ரிச்சர்ட் டான்ஃபோர்த் வடிவமைத்த, தட்டையான இரண்டு அலகுகள் கொண்ட ஈரலகு நங்கூரம், இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு கலங்கள் தம்மைக் கரையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பயன்பட்டது. அதன் எடையோடு ஒப்பிட்டால் மணலிலும் சேற்றிலும் அது தரும் பிடிப்பு வியப்பூட்டுவது. ஆனால் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பினால் அது புரண்டு வெளியே வந்துவிடக்கூடும். அலகுகளுக்கு நடுவே கல்லோ சிப்பியோ சிக்கினால் மறுபடி புதையாது. 1970-களில் பீட்டர் புரூஸ் உருவாக்கிய, நகம்போல் வளைந்த நங்கூரம் விரைவாகப் பற்றும். எடைக்கேற்ற பிடிப்பு சற்றுக் குறைவு.

கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த நங்கூரங்களின் அலகு குழிவாகவும் நுனி கூர்மையாகவும் இருக்கும். எப்படி விழுந்தாலும் நிமிர்ந்து நுனியில் நிற்பதற்காகச் சிலவற்றில் நுனியில் எடை கூட்டியிருப்பார்கள். சிலவற்றில் முதுகுப்புறம் ஒரு வளைவுக் கம்பி இருக்கும். காற்று திசை மாறும்போது மண்ணோடு சேர்ந்து திரும்பவும் மீண்டும் புதையவும் இவற்றுக்கு இருக்கும் திறனைக் கருதி, முதன்மை நங்கூரமாக இவற்றையே நான் பரிந்துரைப்பேன். தயாரிப்பாளரின் அட்டவணை உங்கள் படகுக்குச் சொல்லும் எடையைவிட ஒரு படி கூடுதலானதை வாங்குங்கள். இரண்டாவது நங்கூரமாக, முதன்மை நங்கூரத்திலிருந்து வேறுபட்ட வகையில், இலேசான ஈரலகு நங்கூரம் ஒன்று படகில் இருக்கட்டும். மடக்கக்கூடிய பல்கொக்கி நங்கூரம் சிறு துடுப்புப் படகில் சிறிது நேரம் நிற்பதற்குப் போதும். இரவு முழுவதும் அதை நம்பித் தூங்கக் கூடாது.

அடுத்தது நீளம். நங்கூரத்திலிருந்து படகுவரை விடும் சங்கிலி அல்லது கயிற்றின் நீளத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதமே பிடிப்பைத் தீர்மானிக்கிறது. ஆழம் என்றால் கருவி காட்டும் ஆழம் மட்டுமல்ல. அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதையும், அடுத்த ஓதத்தில், அதாவது கடலேற்றத்தில், நீர் எவ்வளவு உயருமோ அதையும் கூட்ட வேண்டும். 4 மீட்டர் தண்ணீர், 1 மீட்டர் அணிய உயரம், 2 மீட்டர் ஓத உயர்வு என்றால் மொத்தம் 7 மீட்டர். முழுதும் சங்கிலியாக இருந்தால் இதில் 5 மடங்கு, அதாவது 35 மீட்டர் விடலாம். பெரும்பகுதி கயிறாக இருந்தால் 7 மடங்கு, அதாவது 49 மீட்டர். காற்று வலுக்கும் என்று தெரிந்தால் 10 மடங்குகூட மிகையாகாது. விறைத்து நேர்கோடாக நிற்கும்போது 3 மடங்கு நீளம் தரையோடு ஏறத்தாழ 20 பாகைக் கோணத்தில் இழுக்கும். 5 மடங்கு 12 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும், 7 மடங்கு 8 பாகையளவிலும் இழுக்கும்.

சங்கிலியின் பணி என்ன என்பதில்தான் அதிகமான குழப்பம் இருக்கிறது. சங்கிலி தன் எடையால் தொய்ந்து, தரையில் கிடந்து, இழுவையைத் தாழ்வாக வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு காற்றுவரை? ஒரு கணக்கைச் சொல்கிறேன். வானொலியில் எண்களைப் பின்தொடர்வது கடினம் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.45 கிலோ எடையுள்ளது. அணிய உயரத்தையும் சேர்த்து 6 மீட்டர் ஆழத்தில் 30 மீட்டர் சங்கிலி விட்டிருக்கிறோம் என்று கொள்வோம். படகின் இழுவை சுமார் 90 கிலோவை எட்டியதும் கடைசி வளையமும் தரையை விட்டு எழுந்துவிடுகிறது. மணிக்கு 30 கடல் மைல் வேகக் காற்றில் 10 மீட்டர் படகு ஒன்று இந்த இழுவையை எளிதில் தாண்டிவிடும். சரி, 10 மில்லிமீட்டர் சங்கிலிக்கு மாறினால்? அதே 30 மீட்டருக்கு எடை 44 கிலோவிலிருந்து 67 கிலோவாக உயர்கிறது. கடைசி வளையம் எழும் இழுவை சுமார் 140 கிலோவாகிறது. அதற்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் சங்கிலியையே 45 மீட்டர் விட்டால் எடை 65 கிலோ. கடைசி வளையம் எழ 200 கிலோவுக்கும் மேல் இழுவை வேண்டும். அதற்குப் பிறகு சங்கிலி முற்றிலும் விறைத்தாலும் கோணம் 8 பாகைக்குள்ளேயே இருக்கும். ஆகவே உங்கள் படகுக்குத் தேவையான வலிமை இருக்கிறவரை, தடித்த சங்கிலியைவிட நீளமான சங்கிலி மேலானது. தடிப்பில் மிச்சமாகும் எடையில் பெரிய நங்கூரத்தைச் சுமந்து செல்வது அதனினும் மேலானது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தால் பெருகுகிறது என்பதையும் மறக்கலாகாது. காற்று 15-லிருந்து 30 கடல் மைலாக இரட்டித்தால், படகின் மீதான தள்ளுவிசை நான்கு மடங்காகிறது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. 3 மீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் சங்கிலி விட்டால் அதுவும் 5 மடங்குதான். ஆனால் அங்கே வெறும் 45 கிலோ இழுவையிலேயே கடைசி வளையம் எழுந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் விகிதத்தைக் கூட்ட வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாக, ஆழம் குறைவுதானே என்று சங்கிலியையும் சுருக்கிக்கொள்கிறார்கள்.

சங்கிலி விறைத்த பிறகு ஒவ்வோர் அலையின் அதிர்ச்சியும் நேராக நங்கூரத்தில் போய் இடிக்கும். அதைத் தடுக்க 8 அல்லது 10 மீட்டர் நைலான் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையைப் படகில் கயிறு கட்டுவதற்கென உள்ள கட்டையில் கட்டி, இழுவை முழுவதும் கயிற்றின் மேல் வரும்படி சங்கிலியைத் தளர்த்திவிட வேண்டும். நைலான் நீண்டு மீளும் இயல்புடையது. சிறு படகில் முழுச் சங்கிலியைச் சுமக்க முடியாதவர்கள், படகின் நீளத்துக்குக் குறையாத சங்கிலியோடு நைலான் கயிற்றை இணைத்துக்கொள்ளலாம். பாறையிலும் சிப்பியிலும் உரசும் பகுதி சங்கிலியாக இருப்பது முக்கியம். மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு இதற்கு ஆகாது. அது வெயிலில் நைந்துவிடும். அருகில் வரும் படகுகளின் சுழல்விசிறியிலும் சிக்கும்.

சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிள் என்னும் இணைப்பு வளையத்தின் திருகாணி தானாகக் கழன்றுவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். மறுமுனையைப் படகுக்குள் உறுதியாகக் கட்டியிருப்பது அவசியம். ஆனால் அந்தக் கட்டு, மேல்தளம்வரை எட்டும் கயிற்றால் ஆனதாக இருக்க வேண்டும். உடனே விலக வேண்டிய ஆபத்தில் கத்தியால் ஒரு வெட்டில் விடுபட அது ஒன்றே வழி. சங்கிலியை இழுக்கும் வின்ச் இருந்தால், அதன் பல்லுக்கும் சங்கிலி வளையத்தின் அளவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். ஒரே தடிப்புள்ள சங்கிலியிலும் வளைய நீளம் தரத்துக்குத் தரம் மாறும்.

நங்கூரம் பாய்ச்சும்போது நிதானம் வேண்டும். காற்றை எதிர்கொண்டு மெல்ல வந்து, படகு முற்றிலும் நின்று பின்னோக்கி நகரத் தொடங்கியதும் நங்கூரத்தைத் தரைவரை இறக்க வேண்டும். படகு பின்வாங்க வாங்கச் சங்கிலியை நீளமாகக் கிடத்த வேண்டும். குவியலாகக் கொட்டினால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே விழுந்து சிக்கிக்கொள்ளும். முழு நீளமும் போனபின் சற்றுப் பொறுத்து, இயந்திரத்தைப் பின்னோக்கி முதலில் மெதுவாகவும் பிறகு வலுவாகவும் இயக்கிப் பாருங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பக்கவாட்டில் குறித்துக்கொண்டால், அவை ஒன்றுக்கொன்று விலகுவதிலிருந்து படகு நகர்வதை அறியலாம். சங்கிலியின் மேல் கை வைத்துப் பார்ப்பதும் நல்ல வழி: நங்கூரம் இழுபட்டால் தடதடவென்ற அதிர்வு கைக்கு வரும். இந்தச் சோதனையில் தோற்கும் நங்கூரம் நள்ளிரவுப் புயற்காற்றில் நிச்சயம் தோற்கும். எத்தனை முறையானாலும் எடுத்து மறுபடி பாய்ச்சுங்கள். பவளப்பாறையையும் கடற்புல்வெளியையும் தவிர்த்து மணற்பரப்பைத் தேடுவது கடலுக்கும் நல்லது, பிடிப்புக்கும் நல்லது.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு படகை ஒருபோதும் பின்புறத்திலிருந்து மட்டும் நங்கூரமிடாதீர்கள். இயந்திரத்தின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பக்கத்தை நங்கூரக் கயிறு மேலும் கீழே இழுக்க, ஓர் அலை உள்ளே புகுந்தால் போதும், படகு நிரம்பிவிடும். சிக்கிக்கொண்ட நங்கூரத்தைப் பின்புறத்தில் கட்டி இயந்திர வலுவால் பிடுங்க முயன்று கவிழ்ந்த படகுகள் உண்டு, உயிர்களும் போயிருக்கின்றன. சிக்கல் வரக்கூடிய தரை என்று தெரிந்தால், நங்கூரத்தின் தலைப்பகுதியில், அதாவது அலகு தண்டோடு சேரும் இடத்தில், ஒரு கயிற்றைக் கட்டி மிதவையோடு விட்டுவிடுங்கள். அந்தக் கயிற்றை இழுத்தால் நங்கூரம் வந்த வழியே பின்னோக்கி வெளிவரும். அதுவும் பலிக்காவிட்டால் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டுக் கரை திரும்புங்கள்.

இருட்டியதும் எல்லாத் திசைகளிலிருந்தும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கை ஏற்ற வேண்டும் என்பதும், பகலில் முன்புறத்தில் ஒரு கருப்புப் பந்தை உயர்த்த வேண்டும் என்பதும் 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 30-ஆம் விதி. குறுகிய கால்வாயிலோ கப்பல் வழித்தடத்திலோ கலங்கள் நங்கூரமிடும் துறையிலோ, அவற்றுக்கு அருகிலோ, பிற கலங்கள் வழக்கமாகச் செல்லும் இடத்திலோ இல்லாதவரை, 7 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்த விதி விலக்களிக்கிறது. இருந்தாலும் விளக்கை ஏற்றிவிடுங்கள். இருளில் வரும் மற்றொரு படகோட்டிக்கு உங்கள் படகின் நீளம் தெரியாது. நன்றி, வணக்கம்.