மருந்துச் சீட்டில் எழுத முடியாதவை

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது காசநோயைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். “பொழுது போகவா டாக்டர்?” என்று கேட்கிறார்கள். இல்லை. புறநோயாளிகள் வரிசையில் ஒருவரோடு இரண்டு நிமிடம் பேசினாலே பெரிய விஷயம். அங்கே சொல்ல நேரமில்லாமல் போனதைத்தான் எழுதுகிறேன்.

ரிஃபாம்பிசின் என்று ஒரு மருந்து. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், “ரத்தமாப் போகுது” என்று மனிதர் பயந்துவிடுவார். வீட்டிலுள்ள பெரியவர்கள், “உடம்புச் சூடு, மாத்திரையை விட்டுட்டு மோர் குடி” என்பார்கள். அதோடு வைத்தியம் நின்றது.

அப்புறம், வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சில வாரங்களிலேயே இருமல் அடங்கும், பசி எடுக்கும். “அதான் நல்லாயிட்டேனே” என்று கட்டட வேலைக்கு வெளியூர் கிளம்பிவிடுவார்கள். அன்றாடக் கூலியை நம்பியிருப்பவர் வேறென்ன செய்வார்? ஆனால் கிருமி முழுதாகச் சாவதில்லை. மிஞ்சியது மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம்.

நம் ஊர் பெருமைப்பட வேண்டிய ஒன்றும் உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரு குழுவுக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்தும் இன்னொரு குழுவுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளியானது. நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகெங்கும் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் முறைக்கு இந்த ஆய்வு வழி திறந்தது. அப்படிப்பட்ட ஊரில் இன்னமும் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். காசநோய் இருமும்போது காற்றில் பரவுவது. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இப்போது எழுதத் தொடங்கியிருப்பது பெண்களைப் பற்றி. புகுந்த வீட்டில் சொன்னால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று, மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. ஊர், பேரை மாற்றித்தான் எழுதுவேன். இருந்தாலும் அவர்கள் சம்மதம் வேண்டும். ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.