வீட்டில் ஒரு கிட்டார்: வரமா, வதையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மும்பை செம்பூர்த் தமிழ் மக்களே, வணக்கம். பொன்னாடை, குத்துவிளக்கு, புரவலர் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு வணக்கம்தான். எனக்குக் கொடுத்தது எட்டு நிமிஷம், அதில் ஒன்றை மைக்செட் தம்பி 'ஹலோ ஹலோ' சொல்லியே எடுத்துக்கொண்டுவிட்டார்.

கச்சேரி பண்ணத் தெரியாதவன் வீட்டில் கிட்டார் வைத்திருப்பது வரமா, வதையா என்பது தலைப்பு. நான் வரம் என்று பேச வந்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வதை விழுந்திருந்தாலும் பேசியிருப்பேன், அதற்கான பாயின்டுகளை என் மனைவி வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதற்கப்புறம் தலைப்பு எங்கே போனால் எனக்கென்ன!

"அண்ணன் இருபது வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறார். வீட்டில் அவருக்கு ஒரே ஒரு ரசிகர், அவருடைய அப்பா. அவருக்கும் காது கேட்காது."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரித்ததுதான் கொஞ்சம் அதிகம். தங்கச்சி, நீங்கள் சொன்னதில் இரண்டு தப்பு இருக்கிறது. முதல் தப்பு, ஒரே ரசிகர் என்பது. எனக்கு இன்னொரு ரசிகர் இருந்தார். பூனை.

சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது. 2004-இல் போனஸ் வந்த கையோடு தோபி தலாவ் பக்கம் போய் ஒரு கிட்டார் வாங்கினேன். தோளில் உறையோடு மாட்டிக்கொண்டு வி.டி. ஸ்டேஷனுக்கு வந்தால் மணி ஆறரை. ஹார்பர் லைன், பன்வேல் வண்டி, ஆறரை மணி என்றால் இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அந்தக் கூட்டத்தில் மனுஷன் ஏறுவதே பெரிது, கிட்டாரோடு ஏறுவது என்றால் கல்யாண மண்டபத்துக்குள் யானையை ஓட்டுவது மாதிரி. ஒருத்தர் "பாயி, அதைக் கழற்றி வெளியே தொங்கவிடு" என்றார். எதை, கிட்டாரையா என்னையா என்று கேட்பதற்குள் கதவிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். சரி என்று அடுத்த வண்டியில் லக்கேஜ் டப்பாவில் போய் ஏறினேன்.

அங்கே மீன்காரக் கோளி அம்மாக்கள் நாலு பேர், கூடைகளோடு. எல்லாம் விற்று முடிந்த கூடை, ஒன்றில் மட்டும் காய்ந்த பொம்பில் மீன் மிச்சம். இருக்கிறவர்களில் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காய் ஆஹே ரே தே?" என்றார், என்னடா அது என்று. கிட்டார் என்றேன். உடனே "வாஜவ்!" வாசி என்கிறார். அம்மா, நான் இதை வாங்கியே ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்று சொன்னால் கேட்கிறாரா? உறையைக் கழற்றி ஆறு கம்பியையும் ஒரே இழுப்பாக இழுத்தேன். டப்பாவே அமைதியாகிவிட்டது. அந்த அம்மா ரொம்ப யோசித்துவிட்டு மராத்தியில் சொன்னார், "இதைவிட என் தராசுத் தட்டு நல்லாச் சத்தம் போடும்."

என் வாழ்க்கையின் முதல் விமர்சனம். இன்றுவரை அதற்கு மேல் ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆனால் மனசு பெரிசு. வடாலாவில் கூட்டம் நெருக்கியபோது அவரே கிட்டாரை வாங்கி, உறையை மடித்துக் கூடைமேல் போட்டு, அதன்மேல் கிட்டாரைப் பிள்ளையைப் படுக்கவைக்கிற மாதிரிப் படுக்கவைத்து, செம்பூர் வரைக்கும் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டு வந்தார். எந்தக் கூடை? பொம்பில் மிச்சம் இருந்த கூடை.

மறுநாளிலிருந்து நான் வாசிக்க உட்கார்ந்தால் எங்கள் பில்டிங் பூனை வந்து எதிரே உட்காரும். கண்ணை மூடும். தலையை மெல்ல ஆட்டும். நான் அரை மணி வாசித்தால் அதுவும் அரை மணி. பதினைந்து நாள்! எனக்குள்ளே ஏதோ இருக்கிறது என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா உறையை மோந்து பார்த்துவிட்டு, சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். திங்கட்கிழமை பூனை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஒரு கலைஞனின் மொத்த ரசிகர் கூட்டத்தையும் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தவள் என் அம்மா.

இவர்கள் அணியின் முதல் பேச்சாளர் ஐயா, நான் கிட்டாருக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறேன் என்று கேலி பண்ணினார். ஐயா, 1949-இல் அமெரிக்காவில் ஆர்கன்சாவில் ட்விஸ்ட் என்ற ஊரில் பி.பி. கிங் என்ற ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஒரு நடனக் கொட்டகையில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக நடுவில் மண்ணெண்ணெய் எரியும் பீப்பாய். இரண்டு பேர் அடித்துக்கொண்டு அதன்மேல் விழ, கொட்டகையே பற்றிக்கொண்டது. எல்லாரோடும் வெளியே ஓடிவந்தவருக்கு அப்போதுதான் ஞாபகம், கிட்டார் உள்ளே! திரும்ப நெருப்புக்குள் ஓடி எடுத்துவந்தார். மறுநாள்தான் தெரிந்தது, அவர்கள் அடித்துக்கொண்டது லூசில் என்ற பெண்ணுக்காக என்று. இனிமேல் இந்த மாதிரி முட்டாள்தனம் பண்ணக்கூடாது என்று தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்ளக் கிட்டாருக்கு லூசில் என்றே பெயர் வைத்தார். அப்புறம் வந்த கிட்டார்களுக்கும் அதே பெயர்தான். அவர் பெண்ணின் பெயரை வைத்தார். என் கிட்டாரின் பெயர் பொம்பில். இதில் என் மனைவிக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

வதை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜூன் பிறந்தால் மும்பைக் காற்றின் ஈரத்தை மரம் குடித்து உப்பிக்கொள்ளும், கம்பி பலகையை விட்டு மேலே ஏறும், அழுத்தினால் விரல் வெந்துபோகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஷூ வாங்கினால் டப்பாவுக்குள் இருக்கிற, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துக்காக நான் போய் நிற்பேன். எஃப் கார்டில் ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டும், அதில் ஒரு கம்பி எனக்கு இன்னமும் ஊமைதான். ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது தப்புக்கு வருகிறேன். அப்பா.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நீளக் கைப்பிடிச் சுத்தியலால் வண்டிச் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார். நல்ல சக்கரம் கணீர் என்னும். விரிசல் விட்டிருந்தால் டொக் என்று அடங்கிப்போகும். காதை வைத்துத்தான் அவர் சம்பளம் வாங்கினார். நான் கிட்டாரோடு வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கு என்ன விலை என்று அவர் கேட்கவில்லை, என்ன நாற்றம் என்றும் கேட்கவில்லை. விரல் முட்டியால் பலகையை நாலு இடத்தில் தட்டினார். "விரிசல் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தனை வருஷச் சுத்தியலும் பட்டறைச் சத்தமும் சும்மா விடுமா? ரிட்டயர் ஆனபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது போய்விட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். ஃபேன் சத்தம்தான் பெரிசாகக் கேட்கிறது என்று கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டார். டிவி பார்ப்பதை விட்டார், போனை எடுப்பதை விட்டார்.

ஒரு மழை ராத்திரி, கரண்ட் இல்லை, நான் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டி, உள்ளங்கையைக் கிட்டாரின் முன்பலகையில், கம்பிகளைத் தாங்குகிற பாலத்துக்குக் கீழே வைத்தார். 1862-இல் ஸ்பெயினில் தோரஸ் என்ற கிட்டார் ஆசாரி, நாதம் முன்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே முதுகையும் விலாவையும் காகிதக் கூழில் செய்து ஒரு கிட்டார் பண்ணினார். அப்பாவுக்குத் தோரஸையெல்லாம் தெரியாது. கை தானாக அங்கேதான் போயிற்று.

ஆறாவது கம்பியை ஐந்தாவது கட்டத்தில் அழுத்தினால், சும்மா விட்ட ஐந்தாவது கம்பியும் அதுவும் ஒரே சுருதி, நொடிக்கு 110 அதிர்வு. துளி விலகினாலும் சத்தம் வொய்ங் வொய்ங் என்று ஏறி இறங்கும். நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். நான் காதால் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா தலையை ஆட்டுகிறார், இல்லை, இல்லை. கம்பியை முறுக்குகிற பிரடையைக் கொஞ்சம் திருப்பினேன். இல்லை. இன்னும் கொஞ்சம். பலகைமேல் இருந்த கை அசையவில்லை.

"ம், நின்னுடுச்சு" என்றார்.

கரண்ட் வந்ததும் சுருதி காட்டுகிற ட்யூனரை எடுத்து வைத்துப் பார்த்தேன். முள் நட்டநடுவில் நின்றது.

தங்கச்சி, அவர் என் ரசிகர் இல்லை. என் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிறவர். அன்றையிலிருந்து தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம், நான் முறுக்குவேன், அவர் நிறுத்துவார். நான் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்காத வீட்டில் எங்களுக்குள் மிச்சம் இருக்கிற பேச்சு அது. இதை வரம் என்பீர்களோ வதை என்பீர்களோ, நடுவர் பார்த்துக்கொள்ளட்டும், எனக்குத் தீர்ப்புகூட வேண்டாம்.

மணி அடித்தாகிவிட்டது, தெரிகிறது ஐயா. அப்பா மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், வெள்ளைச் சட்டை. நான் பேசியது ஒரு வார்த்தை அவருக்குக் கேட்டிருக்காது. முன்னால் இருக்கிற நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அம்மா, நீங்கள் மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள்.