நகத்தில் பூஞ்சை இருந்தாலே நோயா?

அவையோருக்கு வணக்கம். இந்த அரங்கில் இருக்கும் எல்லோருடைய கால் நகத்திலும் பூஞ்சை இருக்கிறது. முன்வரிசையில் சிலர் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம், மேடையில் நிற்பவனுக்கும் அதே கதைதான்.

2013-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோயில்லாத 10 பேரின் தோலில் 14 இடங்களில் மாதிரி எடுத்து, மரபணு வரிசையைக் கொண்டு பூஞ்சைகளை அடையாளம் கண்டார்கள். தலை, முதுகு, கை என்று எங்கு பார்த்தாலும் மலாசீசியா என்ற ஈஸ்டின் ஆட்சி. பாதத்துக்கு இறங்கியதும் காட்சி மாறிவிட்டது. குதிகாலில் ஏறத்தாழ 80 பேரினங்கள், விரலிடுக்கில் 60, கால் நகத்தில் 40. அந்தக் கூட்டமும் நிலையாக இருப்பதில்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் ஆட்கள் மாறியிருக்கிறார்கள்.

நகச்சொத்தை, அதாவது பூஞ்சை நோய், வந்த நகத்தில் பெரும்பாலும் தலைமை தாங்குவது ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாகத் தொடங்கி, நகநுனிக்கு அடியில் நுழைகிறது. நகம் கெரட்டின் என்னும் கெட்டிப் புரதத்தால் ஆனது. அதன் கந்தகப் பிணைப்புகளைச் சல்ஃபைட்டால் தளர்த்திவிட்டு, நொதிகளால் செரித்துத் தின்கிறது இந்தப் பூஞ்சை. நகம் மஞ்சளிக்கிறது, தடிக்கிறது, அடியில் பொடிப்பொடியாக உதிர்கிறது.

அந்தப் பொடியைச் சோதித்தால் ரூப்ரம் மட்டுமா வருகிறது? கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் எல்லாம் சேர்ந்து வரலாம். சிக்கலே இங்கேதான். ஃபியூசேரியம், ஸ்கோபுலேரியாப்சிஸ் போன்றவை உண்மையிலேயே நகத்தைக் கெடுக்க வல்லவை. ஆனால் மண்ணிலிருந்து வந்து சும்மா ஒட்டிக்கொண்டும் இருக்கும். செத்த பூஞ்சையின் மரபணுகூடக் கணக்கில் ஏறிவிடும். பட்டியலில் பெயர் வந்ததாலேயே பழி சுமத்துவது, தெருச்சண்டையை வேடிக்கை பார்த்தவனையும் சேர்த்து உள்ளே தள்ளுவதுபோல. அதனால்தான் நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் தெரிய வேண்டும், அதே பூஞ்சை மறுபடியும் மறுபடியும் வளர வேண்டும் என்று நிபுணர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் நியாயமானது என்பேன்.

மாதிரி எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. நுனியை மட்டும் வெட்டி அனுப்பினால் பலமுறை ஒன்றும் கிடைக்காது. கெட்ட நகமும் நல்ல நகமும் சந்திக்கும் எல்லைவரை போய், அடியில் இருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பூஞ்சை உயிரோடு முன்னேறும் இடம் அது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டால் நகத்தின் செல்கள் கரைந்து இழைகள் வெளியே தெரியும். வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கோ நான்கு வாரம்கூட ஆகும். பலருக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. நேரே மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள். உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சையால் வந்தவை. மற்றவை சோரியாசிஸ் என்ற தோல் நோய், இறுக்கமான காலணி என்று வேறு காரணங்களால் வந்தவை. அவர்களுக்குப் பூஞ்சை மாத்திரை வீண்; கல்லீரலுக்கும் தேவையில்லாத சுமை.

பூஞ்சைதான் என்று உறுதியானவருக்கு, கல்லீரலைச் சோதித்தபின், டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மாத்திரை 250 மில்லிகிராம் நாள்தோறும் 12 வாரம் என்பது வழக்கமான அளவு. முடிக்கும்போது நகம் அசிங்கமாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. முழுதாகப் புதுப்பிக்க 12 முதல் 18 மாதம் பிடிக்கும். நல்ல நகத்தின் எல்லையில் மருத்துவரைக் கொண்டு சிறு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். கீறல் நுனியை நோக்கி நகர, அதற்குப் பின்னால் தெளிந்த நகம் வளர்ந்தால் மருந்து வேலை செய்கிறது. கெடுதல் கீறலைத் தாண்டி உள்ளே போனால், மறுபடியும் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.