குதிரை அமெரிக்காவோடது, கதை மேடையோடது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் ரொம்ப உறுதியா சொன்னாரு, கௌபாய் படம்னா அது அமெரிக்க வரலாறு, 1881ல அரிசோனாவுல டூம்ஸ்டோன் ஊர்ல நடந்த ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை மாதிரி நிஜ சம்பவங்கள்ல பொறந்தது, கிரேக்க நாடகத்துக்கும் ஷேக்ஸ்பியருக்கும் அங்க என்ன வேலைன்னு. சரி, அவர் சொன்ன அதே சண்டையையே எடுத்துக்குவோம்.

1946ல ஜான் ஃபோர்டு அதை "மை டார்லிங் கிளெமென்டைன்"னு எடுத்தாரு. அதுல ஒரு சாராயக்கடை சீன். ஊருக்கு வந்த நாடக நடிகர் ஒருத்தரை ரவுடிங்க மேசை மேல ஏத்தி நடிக்கச் சொல்றாங்க, அவரு ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற ஹாம்லெட்டோட அந்த வாழ்றதா சாகுறதா வசனத்தைப் பேசுறாரு, பாதியில மறந்துபோச்சு. மீதியை எடுத்துக் கொடுக்கறது யாரு? டாக் ஹாலிடே! காசநோய் தின்னுக்கிட்டிருக்கிற சூதாடி. செத்தப்புறம் என்ன இருக்கோங்கிற பயத்தைப் பத்தின வரிகளை அவன் தன் கதையாவே சொல்லிக்கிட்டு வர்றான், முடிக்க விடாம இருமல் வந்து மறிக்குது. எப்ப பார்த்தாலும் அந்த இடத்துல எனக்கு தொண்டை அடைச்சுக்கும்ங்க.

நிஜ ஹாலிடே ஒரு பல் டாக்டர், அந்தச் சண்டையில தப்பிச்சு 1887ல கொலராடோவுல படுக்கையில செத்தாரு. படத்துல அவரை சர்ஜன் ஆக்கி, சண்டையிலயே சாகடிச்சுட்டாங்க. வரலாறுதான் உயிர்னா இதை ஏன் மாத்தணும்? தன்னைத்தானே அழிச்சுக்கிற மனுஷன் கடைசி அங்கத்துல விழுந்தாகணும்னு மேடை கேக்குது, அதான்.

1952ல வந்த "ஹை நூன்" ஓடறது சுமார் 85 நிமிஷம், கதை நடக்கிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், சோக நாடகம் சூரியன் ஒரு சுத்து வர்றதுக்குள்ள அடங்கப் பாக்கும்னு அரிஸ்டாட்டில் எழுதினதை இவங்க இன்னும் இறுக்கிட்டாங்க, சர்ச்ல கூடி நியாயம் பேசிப் பேசியே ஊர்க்காவல் அதிகாரியான மார்ஷலைக் கைவிடுற ஊர்ஜனம், கிரேக்க நாடகத்துல கூட்டமா நின்னு கருத்து சொல்ற கோரஸ் இல்லாம வேற என்ன? "ஜூபல்" படத்துல நடிகர் ராட் ஸ்டைகர் முதலாளி காதுல பொண்டாட்டியைப் பத்தி விஷம் ஊத்துறாரே, அது அச்சு அசல் ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகம்.

அட, அமெரிக்காவையே விட்டுருவோம். 1969ல இத்தாலிக்காரர் ஃபெர்டினாண்டோ பால்டி "தி ஃபர்காட்டன் பிஸ்டலெரோ" எடுத்தாரு. போர்ல இருந்து திரும்புற ஜெனரலை மனைவியும் கள்ளக்காதலனும் சேர்ந்து கொல்றாங்க, மகன் வளர்ந்து வந்து பழி தீர்க்கிறான். கி.மு. 458ல ஏதென்ஸ்ல கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் மேடையேத்தின ஒரெஸ்டெஸ் கதை இது, மெக்சிகோவுல நடக்குது, அவ்வளவுதான். எடுத்தவர் இத்தாலி, கதை கிரேக்கம், இதுல அமெரிக்க வரலாறு எந்த மூலையில இருக்குன்னு எதிரணியில அடுத்து வர்றவங்க சொல்லட்டும் நடுவர் அவர்களே!