13 விநாடி மெமரியும் 16 ரப்பர் பேடும்: எம்பிசியில் முதல் பீட் போடுவது எப்படி?

[பீட் ஒலிக்கிறது. திரையில் பேடுகளைத் தட்டும் விரல்கள் மட்டும்.]

இப்போது நீங்கள் கேட்ட பீட்டில் டிரம் என்று ஒன்றுமே கிடையாது. அடியில் தும் தும் என்று விழுகிறதே, அது எங்கள் வீட்டு எவர்சில்வர் குடம். மேலே சக் சக் என்று ஓடுவது முறத்தில் அரிசி புடைக்கும் ஓசை. நடுவில் பளிச்சென்று அடிப்பது கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள். இதற்காகக் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. எல்லாமே என் மடியில் இருக்கும் இந்தப் பெட்டிக்குள் நடந்தது.

வணக்கம் நண்பர்களே. இந்தப் பெட்டியின் பெயர் எம்பிசி. கம்ப்யூட்டர் துணையில்லாமல் தானே ஒலியைப் பதிவுசெய்து, தானே வெட்டி, தானே பாட்டாகக் கோக்கும் சாம்ப்ளர் இது. வாங்கிய முதல் வாரத்தில் இதை வைத்து என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். வீடியோவின் பாதிக்கு மேல் 13 மில்லிவிநாடியைப் பற்றிய ஒரு பகுதி வரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. தயவுசெய்து அதுவரை இருங்கள்.

முதலில் கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். ரோஜர் லின் என்ற அமெரிக்கர் 1980இல் எல்எம் 1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்மின் ஒலியை டிஜிட்டலாகப் பதிந்து வைத்த ஆரம்பகால மெஷின்களில் முக்கியமானது அது. அவருடைய நிறுவனம் 1986இல் மூடப்பட்டது. அப்புறம் ஜப்பானின் அகாய் நிறுவனத்தோடு சேர்ந்து 1988இல் எம்பிசி 60ஐ வெளியிட்டார். நான்குக்கு நான்காகப் பதினாறு ரப்பர் பேடுகள். இன்றைக்கு வரும் பீட் மெஷின்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. கதை அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. எம்பிசி 60க்குள் எவ்வளவு நேர ஒலியைப் பதியலாம் தெரியுமா? மொத்தம் 13 விநாடி! மெமரியை விரிவாக்கினால் 26. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அதில் அடங்காது. அதை வைத்துக்கொண்டு ஆல்பமே போட்டிருக்கிறார்கள். 1996இல் வெளிவந்த, அமெரிக்க இசைக்கலைஞர் டிஜே ஷேடோவின் முதல் ஆல்பத்துக்கு முக்கியக் கருவி எம்பிசி 60தான்.

எப்படிச் சமாளித்தார்கள்? அந்தக் கால சாம்ப்ளர்காரர்களிடம் ஒரு வித்தை இருந்தது. நிமிடத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய இசைத்தட்டை வேண்டுமென்றே 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவார்கள். பத்து விநாடி இசை ஏழரை விநாடிக்குள் முடிந்துவிடும். உள்ளே வந்த பிறகு சுருதியை இறக்கி, பழைய வேகத்துக்கே கொண்டுவருவார்கள். மெமரி மிச்சம். கூடவே ஒலியின் மேல் ஒரு சொரசொரப்பு ஏறிவிடும். மெமரியை மிச்சம் பிடிக்கச் செய்த வேலையால் வந்த அந்தச் சொரசொரப்பு ஹிப் ஹாப்பின் நிறமாகவே ஆகிவிட்டது. இன்றைய மெஷின்களில் ஜிபி கணக்கில் மெமரி இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தப் பழைய ஒலி வேண்டும் என்று அதற்குத் தனியாக எஃபெக்ட் தேடுகிறோம். எனக்கு இது தீராத வியப்பு.

சரி, நம் மேஜைக்கு வருவோம்.

வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். எம்பிசி என்று எழுதியிருப்பதெல்லாம் தனியாக இயங்காது. எம்பிசி ஒன், எம்பிசி லைவ், எம்பிசி எக்ஸ் ஆகியவை தனியாக இயங்கும். எம்பிசி ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 'மஷீன்' என்ற சாம்ப்ளர் மாடல்களிலும் அப்படியே: மஷீன் பிளஸ் தனியாக ஓடும், மஷீன் எம்கே 3 ஓடாது. ரோலண்டின் எஸ்பி 404 எம்கே 2 இன்னும் சின்னதாகக் கைக்கு அடக்கமாக இருக்கும். நான் இங்கே காட்டப்போவது எம்பிசி ஒன். மற்றவற்றில் பட்டன் இருக்கும் இடம் மாறலாம், வேலை இதேதான்.

மூன்று சொற்கள் போதும். பேடுகளில் உட்கார்ந்திருக்கும் ஒலிகளின் தொகுப்பு ப்ரோகிராம். அந்த ஒலிகளை நீங்கள் வாசித்த வரிசை பதிவாவது ட்ராக். பல ட்ராக்குகள் சேர்ந்து, இத்தனை பார், அதாவது இத்தனை தாளச் சுற்று என்று சுற்றிச் சுற்றி ஓடுவது சீக்வென்ஸ். மூன்றாம் பதிப்பு மென்பொருளில் ப்ரோகிராமும் ட்ராக்கும் ஒன்றாகிவிட்டன. இதற்கு மேல் இப்போது எதுவும் தெரிந்துகொள்ள வேண்டாம். உள்ளே சிந்தசைசர் இருக்கிறது, எஃபெக்ட் குவிந்து கிடக்கிறது. முதல் மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். இது என் அழுத்தமான கருத்து. குடமும் முறமும் போதும்.

[திரையில்: குடத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தட்டும் காட்சி.]

குடத்தைப் பதிவுசெய்வோம். எம்பிசி ஒன்னில் இருப்பது லைன் உள்ளீடு மட்டும். சாதாரண மைக்கை நேரடியாகச் செருகினால் ஒலி மிகச் சன்னமாகத்தான் வரும். அதனால் மொபைலிலேயே பதிவுசெய்துகொண்டேன். மொபைலின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கேபிளைப் போட்டு, மெஷினின் இரண்டு உள்ளீடுகளிலும் செருகினேன். சாம்ப்ளர் பக்கத்தைத் திறந்து, த்ரெஷோல்டை ஓரளவு ஏற்றி வையுங்கள். ஒலி அந்த அளவைத் தாண்டும்வரை மெஷின் காத்திருந்து, அப்புறம்தான் பதிவைத் தொடங்கும்.

பதிந்தாயிற்றா? இப்போது இந்த வேலையை மட்டும் சோம்பல் படாமல் செய்யுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒலி தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் மௌனத்தை ஒட்ட வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மௌனம் அங்கே இருந்தாலும், நீங்கள் தட்டிய பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் குடம் ஒலிக்கும். கை சரியாகத்தான் வாசித்திருக்கும், பீட் மட்டும் பின்னால் இழுக்கும். எத்தனையோ பேர் தங்களுக்குத் தாளம் வரவில்லை என்று நினைத்து மெஷினைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். குற்றம் அந்தத் துளி மௌனத்தில் இருக்கும்.

குடம் ஒரு பேட், தாழ்ப்பாள் ஒரு பேட், முறம் ஒரு பேட். மூன்றே ஒலி. ஃபுல் லெவல் பட்டன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது எரிந்தால் மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும். அப்புறம் நோட் ரிபீட்டை அழுத்திக்கொண்டு முறத்தின் பேடை அமுக்குங்கள். சக சக சக சக என்று தானாக ஓடும். விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறையுங்கள், ஓசை ஏறி இறங்கும். அரிசி புடைக்கும் கை ஒரு வீச்சு பலமாகவும் அடுத்தது லேசாகவும் போகுமே, அந்த உயிர் இங்கே ஒரே விரலில் வந்துவிடுகிறது. இதை நான் முதன்முதலில் செய்தபோது அரைமணி நேரம் வேறெதுவும் செய்யாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த 13 மில்லிவிநாடி.

டைமிங் கரெக்ட், சுருக்கமாக டிசி. தவறிய அடிகளைச் சரியான இடத்துக்கு இழுத்து நிறுத்தும் வசதி அது. அந்தப் பட்டனை அழுத்தினால் ஸ்விங் என்று ஓர் எண் தெரியும். 50இலிருந்து 75வரை போகும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை. எனக்கோ இந்த மெஷினின் உயிர் இருப்பதே அங்கேதான்.

அந்த எண் என்ன சொல்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் அடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியின் மொத்த நீளம் நூறு. முதல் அடி தொடக்கத்தில் விழுகிறது. இரண்டாவது அடி எங்கே விழ வேண்டும் என்பதுதான் அந்த எண். 50 என்றால் சரிபாதியில். வாயால் சொல்லிப் பாருங்கள்: தக திமி, தக திமி. நம் சதுஸ்ர நடை. ஒவ்வோர் அடிக்கும் சமமான இடைவெளி.

66க்குப் போங்கள். இப்போது ஜோடி மூன்று கூறாகிறது. முதல் அடிக்கு இரண்டு கூறு, இரண்டாவதற்கு ஒரு கூறு. தகிட, தகிட என்று சொல்லிக்கொண்டே போய், நடுவில் இருக்கும் 'கி'யை மட்டும் விழுங்கிவிடுங்கள். த...ட, த...ட, த...ட. திஸ்ரம்! குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறதா? ஜாஸ் டிரம்மர்கள் ஸ்விங் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

[திரையில்: எண் 50இலிருந்து 66க்கு மெல்ல நகர்கிறது. முறத்தின் ஓசை கூடவே மாறுகிறது.]

இந்த இரண்டும் நம் காதுக்குப் பழகியவை. நடுவில் இருக்கும் எண்களைப் பாருங்கள். 54, 58, 62. சதுஸ்ரமும் இல்லை, திஸ்ரமும் இல்லை. கொன்னக்கோல் மாதிரி வாயால் அந்த இடத்தில் நிற்க எத்தனையோ நாள் முயன்றுவிட்டேன். நாக்கு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. மெஷின் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 90 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்புக்கு நான்கு அடி, அதாவது இரண்டு ஜோடி. ஆக ஒரு ஜோடியின் நீளம் 333 மில்லிவிநாடி. 50இல் இரண்டாவது அடி 167ஆவது மில்லிவிநாடியில் விழும். 54இல் 180இல். வித்தியாசம் வெறும் 13. ஒலி அந்த நேரத்தில் காற்றில் நான்கரை மீட்டர்தான் போயிருக்கும். கல்யாண மண்டபத்தில் தவில்காரர் உங்களிடமிருந்து நான்கரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், அவர் அடித்து அது உங்கள் காதுக்கு வந்து சேரும் நேரம். அவ்வளவே. ஆனால் 50இல் விறைப்பாக நிற்கும் பீட், 54இல் தோளைத் தளர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிறது. தலை தானாக ஆடுகிறது. ஹெட்ஃபோன் இருந்தால் இந்த இடத்தை இன்னொரு தடவை பின்னால் தள்ளிக் கேளுங்கள். உங்களுக்குக் கேட்கிறதா என்று கமெண்டில் சொல்லுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

இந்த ஸ்விங் வசதி 1980இல் வந்த எல்எம் 1லேயே இருந்தது. தவறிய அடிகளைச் சரியான இடத்துக்கு இழுத்து நிறுத்தும் வேலையும், நேரானதைக் கொஞ்சம் சாய்க்கும் வேலையும் ஒரே மனிதரின் கையிலிருந்து ஒரே மெஷினில் வந்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற செய்தி.

டிசியை முழுவதும் அணைத்தால்? உங்கள் விரல் எங்கே விழுந்ததோ அங்கேயே அடி நிற்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஹிப் ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா இந்தப் பக்கத்தின் பெரிய கலைஞர். ஓர் ஒலி கொஞ்சம் முந்தும், இன்னொன்று பிந்தும், ஆனாலும் முழுப் பீட்டும் விழாமல் போகும். 2006இல் 32 வயதில் இறந்துபோனார். அவர் பயன்படுத்திய எம்பிசி 3000 இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பீட் மெஷின் அருங்காட்சியகத்தில்! அதற்கு அந்த மரியாதை வேண்டும்தான்.

முதல் வாரப் பயிற்சி இதுதான்: குடத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் டிசியை அணைத்துவிட்டுக் கையால் வாசியுங்கள். முறத்துக்கு மட்டும் டிசி போட்டு 54 முதல் 58க்குள் ஓர் எண் வையுங்கள். முறம் கயிறு மாதிரி நேராகப் போகும், மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு ஆடும்.

அடுத்தது வெட்டுவது. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், தனி வீடியோ வருகிறது. என் தங்கை வாசித்த வீணைத் துண்டு ஒன்று, எட்டு விநாடி. அதை ஓடவிட்டு, சாப் என்ற துண்டுபோடும் பகுதியில் வெட்ட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் ஒரு பேடைத் தட்டினால், அங்கே ஒரு துண்டு விழும். த்ரெஷோல்ட் முறையில் மெஷினே மீட்டுகளைக் கண்டுபிடித்து வெட்டித் தரும். வீணையில் கமகம் இழையும் இடத்தில் அது தடுமாறுகிறது, கையால் வெட்டுவதே நல்லது. துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே மியூட் குரூப்பில் போட்டுவிடுங்கள். ஒன்று ஒலிக்கும்போது முந்தையது நின்றுவிடும். இல்லாவிட்டால் பதினாறு வீணை ஒரே நேரத்தில் பேசும், சந்தைக்கடைதான். அப்புறம் வரிசையை மாற்றி வாசியுங்கள்: எட்டு, மூன்று, மூன்று, பதினொன்று. தங்கை வாசிக்காத ஒரு மெட்டு அவள் விரலின் ஒலியிலேயே வரும். அவளுக்குப் போட்டுக் காட்டியபோது, இதை நான் எப்போது வாசித்தேன் என்று கேட்டாள்.

யாருடைய பாட்டையாவது எடுத்து வெட்டலாமா? பழகுவதற்கு வீட்டுக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். வெளியிடுவதானால் அனுமதி வேண்டும். 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் கில்பர்ட் ஓ சல்லிவனின் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்ததற்கு நியூயார்க் நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஆல்பத்தைக் கடைகளிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு அப்புறம் சாம்ப்ளுக்கு அனுமதி வாங்குவது அங்கே பெரிய வேலையாகிவிட்டது. குடமும் தங்கையும் நம்முடையவர்கள், அந்தத் தொல்லை இல்லை.

சேவ் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்கப் போட்ட பீட் ஒன்று, கரண்ட் போன நொடியில் போயே போய்விட்டது. ஒவ்வொரு நல்ல அடிக்குப் பிறகும் சேவ் செய்யுங்கள், எஸ்டி கார்டிலும் ஒரு பிரதி வையுங்கள்.

பிடித்திருந்தால் லைக் போடுங்கள், வீட்டில் மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை யாராவது இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்புங்கள். இப்போது முதலில் கேட்ட அதே குடம் பீட்டை இரண்டு தடவை போடப்போகிறேன். முதல் தடவை 50. இரண்டாவது 57. எது உங்கள் தலையை ஆட்டுகிறதோ அந்த எண்ணை மட்டும் கமெண்டில் எழுதுங்கள்.

[பீட், 50. நான்கு பார். ஒரு விநாடி மௌனம். பீட், 57.]