எடை குறைக்கும்போது உடற்பயிற்சி அளவு மீறிப் போகுமா?

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருப்பது. கொஞ்சம் நீளமானதுதான், ஆனாலும் சுருக்காமல் வாசிக்கிறேன்.

"எனக்கு வயது 29, உயரம் 158 சென்டிமீட்டர். 74 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்திருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் வேகநடை, மாலையில் ஒரு மணி நேரம் ஜிம், ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, குழம்பு, பொரியல், இரவில் ஓட்ஸ் கஞ்சி. ஒரு மாதமாக எடை நகரவே இல்லை. முடி கொட்டுகிறது, இரண்டு முறை மாதவிடாய் வரவில்லை, இரவில் தூக்கமும் சரியில்லை. ஜிம் பயிற்சியாளர் ஜும்பாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அம்மா, இதற்கு மேல் போனால் படுத்துவிடுவாய் என்கிறார். உடற்பயிற்சி அளவு மீறிப் போகுமா, டாக்டர்?"

போகும். இந்த வழக்கில் நான் அம்மாவின் கட்சி.

இதைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் யாரும் நாளைக்கு நடைப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் அந்த 150-ஐயே எட்டுவதில்லை. தினமும் அரை மணி நேரம் நடந்துவிட்டு, "அதிகமாகிவிடுமோ டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஆகாது.

அப்படியானால் இவருக்கு மட்டும் ஏன் அதிகம்? இரண்டு மணி நேரம் என்பதாலா? அதுவும் இல்லை. அமெரிக்காவில், குறைத்த எடையைப் பல ஆண்டுகள் திரும்ப ஏறாமல் வைத்திருப்பவர்களைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் சராசரியாகத் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். ஓட்டப்பந்தய வீரர்கள் நாளுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு நன்றாகவே இருக்கிறார்கள். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து இது அதிகம், இது குறைவு என்று சொல்ல முடியாது. பயிற்சிக்குச் செலவானது போக, உடம்பு தன்னை நடத்திக்கொள்ள எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் எழுதியிருக்கும் சாப்பாட்டை, இரண்டு வேளை டீயையும் சேர்த்து எப்படிக் கூட்டினாலும் 1000 கலோரியைத் தாண்டுவது சந்தேகம். காலை நடையும் மாலை ஜிம்மும் சேர்ந்து ஏறத்தாழ 500 கலோரியை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 500. அவருடைய 66 கிலோவில் கொழுப்பைக் கழித்துவிட்டால் தசை, எலும்பு, உறுப்புகள், நீர் எல்லாம் சேர்ந்து சுமார் 43 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐ 43-ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 12 கலோரிகூட வரவில்லை.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2003-இல் அமெரிக்காவில், மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இளம்பெண்களைக் கொண்டு செய்தது. உணவையும் பயிற்சியையும் கட்டுப்படுத்தி, இந்த மிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும், கருமுட்டை வளர்வதற்கு மூளை அனுப்பும் ஹார்மோன் துடிப்புகளின் ஒழுங்கு குலையத் தொடங்கியது. அதற்கு ஐந்தே நாள்தான் ஆனது. 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் கறாரான கோடு இல்லை. உடம்பில் கொழுப்புச் சேமிப்பு உள்ளவர்கள் இதைவிடக் கொஞ்சம் கீழே போனாலும் தாங்குவார்கள். ஆனால் 12 என்பது கொஞ்சம் கீழே என்ற கணக்கில் சேராது.

மிச்சம் போதாதபோது உடம்பு என்ன செய்யும்? சம்பளம் குறைந்த வீட்டில் அரிசியையும் பாலையும் நிறுத்த மாட்டார்கள், வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போடுவார்கள். உடம்பும் அப்படித்தான். இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிடும். முடி வளர்வது, மாதவிடாய், எலும்பைப் புதுப்பிப்பது, உடம்பைச் சூடாக வைத்திருப்பது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்படும். முடி மட்டும் உடனே கொட்டாது. பற்றாக்குறை தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதனால்தான் பலர் ஷாம்புவின் மேல் பழியைப் போடுகிறார்கள். விளையாட்டு மருத்துவத்தில் இந்தக் கூட்டு அறிகுறிகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் ஒரே நோய்நிலையாக வரையறுத்தது. அது பதக்கம் வாங்குபவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு பழைய ஆய்வையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் வரும் நடைக் கணக்கு எனக்கு இந்தச் சகோதரியை நினைவுபடுத்துகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். பஞ்சத்தில் அடிபட்ட ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்று உணவு, நாளுக்கு ஏறத்தாழ 1570 கலோரி. வாரத்துக்கு 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. எடையில் கால்பங்கு குறைந்தது. கூடவே நாடித்துடிப்பு மந்தமானது, எப்போதும் குளிர்ந்தது, காம உணர்வு போனது, மாடிப்படி மலையானது. கணுக்கால்கள் நீர் கோத்து வீங்கின. நாள் முழுவதும் சாப்பாட்டு நினைப்புதான். சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒளித்துச் சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அவர்கள் ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். சகோதரி, உங்கள் காலை நடை மட்டுமே அந்த அளவு வரும், அதற்கு மேல் ஜிம் வேறு. அவர்கள் ஆண்கள், தொடக்கத்திலேயே ஒல்லியானவர்கள், ஆகவே உங்களை அப்படியே அவர்களோடு ஒப்பிட முடியாது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது 1570, நீங்கள் எழுதியிருப்பது 1000. இதைப் பட்டினிச் சோதனை என்று அவர்கள் பெயர் வைத்தே செய்தார்கள். நாம் டயட் என்று சொல்லிவிட்டு அதைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறோம்.

சரி, இவ்வளவு பற்றாக்குறை இருந்தால் எடை சரிந்திருக்க வேண்டுமே, ஏன் நின்றுபோனது? நியாயமான கேள்வி. இதற்கு ஒரே காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். உடம்பு எரிப்பதையே நிறுத்திவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அப்படி முழுவதுமாக நிற்காது. மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன.

ஒன்று, அதிகப் பயிற்சி செய்பவர் மீதி நேரத்தில் தன்னை அறியாமலே அசைவைக் குறைத்துக்கொள்கிறார். மாலை ஜிம் முடிந்து வந்தவர் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார், தம்பியைக் கூப்பிடுவார். டென்மார்க்கில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஒரு முடிவு இதற்குப் பொருத்தமானது. உடல் கனத்த, உழைப்பில்லாத இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து 13 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு தினமும் 300 கலோரி செலவாகும் அளவுக்கு, மற்றது அதைப் போல் இரண்டு மடங்கு. குறைவாகச் செய்தவர்களுக்கு 3.6 கிலோ குறைந்தது. இரட்டிப்பாகச் செய்தவர்களுக்கு? 2.7 கிலோ. கொழுப்பை மட்டும் அளந்தால் இரண்டு குழுவும் கிட்டத்தட்டச் சமம், நான்கு கிலோ அளவில். கூடுதலாகச் சிந்திய வியர்வைக்குக் கொழுப்பில் கூலி வரவில்லை என்பதுதான் இதன் பொருள்.

இரண்டு, நீர். கடும் பயிற்சியில் தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும், அதைச் சரிசெய்ய அங்கே நீர் தேங்கும். கொழுப்பு குறைந்துகொண்டிருந்தாலும் எடைக்கருவி அதைக் காட்டாது. ஓய்வே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் செய்பவருக்கு அந்த நீர் வடிவதற்கு ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை.

மூன்றாவது, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள், எழுத்தில் வராத சாப்பாடு. 1992-இல் அமெரிக்காவில், எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரை அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதில் 47 சதவீதத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. என் நோயாளிகளிடம் நான் பார்ப்பது இதுதான்: திங்கள் முதல் வெள்ளி வரை கடும் கட்டுப்பாடு, சனிக்கிழமை ஒரு கல்யாணப் பந்தி, ஞாயிறு பிரியாணி, இரவு பத்து மணிக்கு மிக்சர் டப்பா. அரைப்பட்டினியில் இருப்பவருக்குக் கை மீறுவது இயற்கை. இதைத்தான் மினசோட்டா இளைஞர்களும் செய்தார்கள். உங்களுக்கு அப்படி நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நடந்தால் அதற்குக் காரணம் மனஉறுதிக் குறைவு இல்லை, அந்த 1000 கலோரிதான்.

கையில் கட்டும் கடிகாரத்தையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஓரளவு சரியாகக் காட்டியவைகூடக் கலோரிக் கணக்கில் தவறின. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம்.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் மாதவிடாய். மூன்றாவது மாதமும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் சோதனை அட்டையில் அதைப் பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. முடி கொட்டுவதற்கும் களைப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று யாராவது சட்டென்று முத்திரை குத்தினால், ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: அதில் எடை குறையக் குறைய மாதவிடாய் சீராவதுதான் வழக்கம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்த பிறகு நின்றுபோனால், வேறு பக்கமும் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டை 1500, 1600 கலோரிக்குக் கொண்டுவாருங்கள். பயந்துவிடாதீர்கள், அப்போதும் உங்களுக்குப் பற்றாக்குறைதான், வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். கூட்டுவதைச் சோற்றில் கூட்ட வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்ன கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது உங்களுக்கு 55 கிராம். எடை குறைப்பவருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் அதில் பாதி இருந்தாலே பெரிது. காலையில் இரண்டு முட்டை, மதியம் கெட்டிப் பருப்போ மீனோ, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு ஓட்ஸ் கஞ்சிக்குப் பதிலாகப் பனீரோ கோழியோ வைத்துச் சப்பாத்தி. முட்டையும் சாப்பிடாத வீடு என்றால் தயிர், சோயா, பயறு.

பயிற்சியை நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். நடை ஒரு நாள், ஜிம் ஒரு நாள் என்று மாற்றி மாற்றி, ஞாயிறு முழு ஓய்வு. ஜிம்மில் டிரெட்மில்லை விட்டுவிட்டு எடை தூக்குங்கள். பற்றாக்குறையில் தசையைக் காப்பாற்றுவது அதுதான். கால் முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரலை வைத்தால் வலிக்கிறது என்றால் நடையையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம்.

இதே கேள்வி மனதில் இருக்கும் மற்ற இரண்டு வகையினருக்கும் ஒரு வார்த்தை. பல மாதம் சும்மா இருந்துவிட்டு, நண்பன் பந்தயம் கட்டினான் என்று ஒரே நாளில் இருநூறு, முந்நூறு தண்டால் எடுக்கும் தம்பிகளே, மறுநாள் தசை வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் வீட்டில் படுத்திருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்து, சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் ஐயாமார்கள், அம்மாமார்கள்: மருந்தைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நீண்ட நடை போகாதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். நடையைக் கூட்டுவதாக இருந்தால் மருந்து அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

ஜும்பா விஷயம் பாக்கி இருக்கிறது. பிடிக்கும் என்றால் போங்கள், ஆனால் நடைக்குப் பதிலாக வாரத்தில் இரண்டு நாள். மூன்றாவது வேளையாகச் சேர்க்க வேண்டாம். மாதவிடாய் நின்றதைப் பயிற்சியாளரிடம் சொன்னீர்களா என்று கேள்வியில் இல்லை. பெண்கள் சொல்லக் கூச்சப்படுவார்கள், அவர்களும் கேட்க மாட்டார்கள். சொல்லிவிடுங்கள், தெரிந்திருந்தால் அவரும் ஜும்பாவைச் சொல்லியிருக்க மாட்டார். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். அடுத்து, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மாடிப்படி ஏறலாமா என்று ஒரு ஐயா கேட்டிருக்கிறார்.