2147483647: ஆய்லர் வகுத்துப் பார்த்த எண்

அவையோர்க்கு வணக்கம். பகா எண்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது எது என்றுதான் நம் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் முதலில் கேட்பார்கள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, லூக் டுரான்ட் கண்டுபிடித்த எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள். கேட்டு வியக்கலாம், இந்தப் பலகையில் எழுதிக்காட்ட இயலாது. ஆகவே, 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 2147483647-ஐ எடுத்துக்கொள்கிறேன்.

இது பகா எண் என்று 1772-இல் கணிதவியலாளர் ஆய்லர் நிறுவினார். கணினி இல்லாத காலம். இதன் வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றே குறைவு. அதுவரையுள்ள பகா எண்களோ நான்காயிரத்துக்கும் மேல். அத்தனையாலும் அவர் வகுக்கவில்லை. ஏதோ ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுப்பதாகக் கொள்வோம். அப்படியானால் அந்த எண்ணால் 2-இன் 31-ஆம் அடுக்கை வகுக்க மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால், அதற்குக் கீழுள்ள எந்த அடுக்குக்கும் மீதி 1 வராது. 2-ஐ, அந்த வகுத்தியில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதனாலேயே வகுத்தாலும் மீதி 1 வரும் என்பது பெர்மாவின் சிறு தேற்றம்; அதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், அந்த வகுத்தியில் ஒன்றைக் குறைத்தால் வருவது 31-இன் மடங்கு. வகுத்தி ஒற்றைப்படை எண் என்பதால் 62-இன் மடங்கு. இன்னொன்றும் உண்டு. 2-இன் 32-ஆம் அடுக்கு மீதி 2 தரும். அதுவோ 16-ஆம் அடுக்கின் வர்க்கம். இப்படி 2 ஒரு வர்க்கத்தின் மீதியாக அமைய வேண்டுமானால், வகுத்தியை 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். இரண்டையும் இணைத்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் பகா எண்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. அவை நூற்றுக்கும் குறைவு. முதலாவது 311, வகுத்துப் பாருங்கள், மீதி 35. அடுத்தது 1303, இடையில் ஒன்றுமே இல்லை! எண்ணின் பருமனைவிட இந்தச் சல்லடைதான் என்னைக் கவர்கிறது.

இந்த எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால், தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கே சமமான 2305843008139952128 கிடைக்கும். இதைவிடப் பெரிய அத்தகைய எண்ணை எவரும் தேட மாட்டார்கள், ஏனெனில் அதனால் பயனில்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். பாவம், அவர் கணினியைக் கண்டாரா!

1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் பல கணினிகளின் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று, சிங்கப்பூர் நேரம் காலை 11:14:07-க்கு இந்த எண்ணைத் தொட்டு நிரம்பிவிடும் என்பதைச் சிலர் படித்திருப்பீர்கள். அது 31 பிட்டுகளின் எல்லை, அவ்வளவுதான். பகா எண் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்புள்ள பயன் வேறு. 1969-இல் ஐபிஎம் கணினிகளுக்காகச் சமவாய்ப்பு எண்களை உண்டாக்க ஒரு வழி வெளியிடப்பட்டது: 1-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 16807-ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்வது. 16807, 282475249, 1622650073 என்று தாவித் தாவி, 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களையும் தலைக்கு ஒருமுறை தொட்ட பிறகே அது 1-க்குத் திரும்பும். எல்லாப் பெருக்கிகளும் இப்படி நடந்துகொள்வதில்லை. 2147483646-இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331. 7-ஐப் பெருக்கியாக வைத்தாலும் வரிசை எல்லா எண்களையும் தொடும்; 7-இன் அடுக்குகளிலோ, அடுக்கெண் இப்பட்டியலிலுள்ள எதனாலும் வகுபடாதவை மட்டுமே அப்படிச் செய்யும். 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு, அந்த 5 இப்பட்டியலில் இல்லை. மாறாக, 7-இன் மூன்றாம் அடுக்கான 343-ஐப் பெருக்கியாக வைத்தால், மூன்றில் ஒரு பங்கு எண்களைத் தொட்டதுமே வரிசை 1-க்கு வந்துவிடும்.